தட்டு வைத்தால் உறுமுகிறான்!

கேள்வி: எங்கள் லேப்ரடாருக்கு 2 வயது. மற்ற நேரமெல்லாம் மடியிலேயே கிடப்பவன், சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டால் யாரையும் கிட்டே விடுவதில்லை. என் சின்ன மகனைப் பார்த்துப் பல்லைக் காட்டி உறுமினான். நாலு போடு போட்டால் சரியாகிவிடும் என்கிறார் மாமா. போடலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டவே வேண்டாம். 'கிட்டே வராதே' என்று அவன் முன்கூட்டியே சொல்வதுதான் உறுமல். அதற்கு அடி வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிட்டு நேரே கடிக்கப் பழகிவிடும். சாப்பிடும்போது தட்டுக்குள் கை விட்டுப் பழக்கச் சொல்வார்கள், அதையும் கேட்காதீர்கள் (நம் இலையில் ஒருவர் கை விட்டால் நாம் சும்மா இருப்போமா?).

முதலில் மகனை விலக்கி, தனி அறையில் கதவைச் சாத்திச் சோறு வையுங்கள். பழக்குவது பெரியவர்கள் வேலை. அவன் கண்டுகொள்ளாத தூரத்தில் நின்று, வேகவைத்த எலும்பில்லாத கோழித்துண்டு ஒன்றைத் தட்டருகே வீசிவிட்டுத் திரும்பி நடந்துவிடுங்கள், அவ்வளவுதான். ஆள் வந்தால் நல்லது வருகிறது என்று அவனுக்குப் பிடிபட வாரக்கணக்கில் ஆகலாம், அதற்கேற்ப ஓரடி ஓரடியாக நெருங்குங்கள். உடம்பு விறைத்தாலோ, அவசர அவசரமாக விழுங்கினாலோ, கடைக்கண்ணில் வெள்ளை தெரிந்தாலோ பழைய தூரத்துக்கே போய்விட வேண்டும்.

திடீரென்று வந்த குணம் என்றால் பல்வலி, காதுவலி இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம், பல் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.