எக்ஸ்ரேயில் நுரையீரல் எங்கே முடிகிறது என்று கணினிக்கு எப்படித் தெரிகிறது?

மார்பு எக்ஸ்ரேயில் எந்தப் புள்ளி நுரையீரலைச் சேர்ந்தது, எது சேராதது என்று பிரித்து, கணினியே ஓரக்கோடு போடுவதுதான் எல்லை கண்டறிதல். நுரையீரலுக்குள் இருப்பது பெரும்பாலும் காற்று. கதிர் எளிதாகக் கடந்துவிடுவதால் அந்த இடம் கறுப்பாக விழும். கதிரைத் தடுக்கும் எலும்பும் இதயமும் வெளுப்பாகத் தெரியும்.

சரி, கறுப்பை மட்டும் தேடினால் போதாதா? போதாது. உடம்புக்கு வெளியே உள்ள காற்றும் கறுப்புதான். விலா எலும்புகள் நுரையீரல் மேலேயே வரி வரியாக விழும். உச்சியில் காறை எலும்பு குறுக்கிடும். அடியில் நீர் கோத்துவிட்டால், கறுப்பாக இருக்க வேண்டிய மூலையே வெளுத்துப்போகும். பெரும்பாலும் கணினி ஏமாறுவது இங்கேதான்.

மூடுபனியில் ரோட்டோரம் தெரியாவிட்டாலும், பழகிய டிரைவர் வளைவை ஊகித்துத் திருப்புவார் இல்லையா? அந்தப் பழக்கத்தைத்தான் கணினிக்கும் கொடுக்கிறார்கள். நிபுணர்கள் கையால் எல்லை வரைந்த படங்களைக் காட்டிக் காட்டிப் பயிற்றுவிக்கிறார்கள். ஜப்பானியக் கதிரியக்கத் தொழில்நுட்பச் சங்கம் வெளியிட்ட, 247 படங்கள் கொண்ட ஜேஎஸ்ஆர்டி தொகுப்பு இதில் பெயர்பெற்றது. 2015-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் உருவான, படத்தைப் புள்ளி புள்ளியாகப் பிரிக்கக் கற்றுக்கொள்ளும் யூ-நெட் முறையைத்தான் பலரும் கையாள்கிறார்கள்.

கோடு போட்டதுமே கணினி நோயைக் கண்டுபிடித்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அது காட்டுவது எங்கே பார்க்க வேண்டும் என்பதை மட்டுமே, காசநோயா நிமோனியாவா என்பது அப்புறம் நடக்கும் தனி வேலை.