விசாரிக்கிற பக்தி

கேள்வி: ஐயா, என் மாமியார் பக்கவாதத்தினால் படுத்த படுக்கையாகி இரண்டு வருடங்கள் ஆகின்றன. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, படுக்கைப்புண் வராதபடி புரட்டிப் படுக்கவைப்பது என்று என் நாள் முழுவதும் கழிந்துவிடுகிறது. ஞாயிறு ஆராதனைக்கு மாதம் ஒருமுறை போவதே அரிதாகிவிட்டது. உபவாச ஜெபத்தை அடியோடு விட்டுவிட்டேன். ஊழியத்துக்கு நேரம் ஒதுக்காதவர்களின் விசுவாசம் தணிந்துபோகும் என்று சபையின் மூத்த சகோதரி ஒருவர் சொன்னார். சில நாள்களில் மாமியார்மேல் எரிச்சலும் வருகிறது. தேவன் என்னைவிட்டுத் தூரமாகிவிட்டாரோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு சகோதரி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்பான சகோதரி, ஊழியத்தை விட்டுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் வாசித்ததெல்லாம் ஊழியமே.

நம்முடைய தமிழ் வேதாகமத்தில் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர், "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்கிறார். திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் அவர்கள் உபத்திரவத்திலே "விசாரிக்கிறதும்" உலகத்தால் கறைபடாதபடி தன்னைக் காத்துக்கொள்ளுகிறதுமே மாசில்லாத பக்தி என்று யாக்கோபு எழுதுகிறார். பவுல் 1 தீமோத்தேயு 5:4-இல், சொந்தக் குடும்பத்தைத் "தேவபக்தியாய் விசாரித்து" வாழக் கற்றுக்கொள்ளச் சொல்கிறார். கிரேக்க மூலத்தில் இவ்விடங்கள் எல்லாவற்றிலும் ஒரே சொல் இல்லை. ஆயினும் அவற்றைத் தமிழாக்கியவர்கள் இந்த ஒரே சொல்லால் கட்டிவைத்தது நமக்குக் கிடைத்த ஆசீர்வாதம் என்றே நான் நினைக்கிறேன். வியாதியைச் சொஸ்தமாக்கினீர்கள் என்று ஆண்டவர் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். மாமியாரை எழுந்து நடக்கவைக்கும் பொறுப்பை அவர் உங்கள்மேல் வைக்கவில்லை. நீங்கள் செய்துகொண்டிருப்பதைத்தான் அவர் கேட்டார்.

நம் பகுதியிலேயே இதே கேள்வியோடு போராடிய ஒருவர் இருந்தார். அயர்லாந்தில் பிறந்து 1895-இல் இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், திருநெல்வேலிச் சீமையில் தமிழ்ப் பெண்கள் சிலரோடு ஊர் ஊராகச் சென்று சுவிசேஷம் சொல்லிவந்தார். 1901-இல் ஒரு சிறுமி அவரிடம் அடைக்கலம் தேடி வந்தாள். அவளுக்குப் பின் குழந்தைகள் ஒவ்வொன்றாய்ச் சேரச் சேர, டோனாவூரில் பால் புகட்டுவதும் துணி துவைப்பதும் இரவில் கண்விழிப்பதுமே அவருடைய வேலையாயிற்று. பிரசங்க ஊழியத்தை விட்டுக் குழந்தைகளுக்குத் தாதியாக இருப்பது சரிதானா என்ற கேள்வி அவருக்கும் எழுந்தது. யோவான் 13-ஆம் அதிகாரத்தில் ஒரு சீலையை எடுத்து அரையிலே கட்டிக்கொண்டு சீஷரின் கால்களைக் கழுவிய ஆண்டவரிடத்தில் அவர் அதற்கு விடை கண்டார். பின்னாளில், 1931-இல் கீழே விழுந்து காயமடைந்த அவர், 1951-இல் மரிக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே, பிறர் பராமரிப்பிலேயே இருந்தார். படுக்கையில் இருந்த அந்த வருடங்களில்தான் அவர் பல புத்தகங்களை எழுதினார் என்பதை, உங்கள் மாமியாரை எண்ணும்போது நினைத்துக்கொள்ளுங்கள். படுத்திருக்கிறவரின் வாழ்வும் தேவனுடைய கையில்தான் இருக்கிறது.

எரிச்சலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். தூக்கம் இல்லாத சரீரத்துக்கு எரிச்சல் வரும். அதை விசுவாசக் குறைவென்று எண்ணி உங்களை நீங்களே வாதிக்காதீர்கள். சூரைச்செடியின் கீழ்ச் சாகவேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசியைத் தேவன் கடிந்துகொள்ளவில்லை; தூங்கவிட்டு, தூதனை அனுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார்.

இனி, சற்றுக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். ஆனால் அது உங்களுக்கு அல்ல. பவுல் அந்தத் தீமோத்தேயு வசனத்தில் கட்டளையிடுவது "பிள்ளைகளாவது, பேரன் பேத்திகளாவது" என்று குறிப்பிடப்பட்டவர்களுக்கே. மருமகள் என்ற சொல்லே அங்கே இல்லை. வேதாகமத்தில் மருமகளான ரூத் தன் மாமியைப் பற்றிக்கொண்டது அவளுடைய அன்பின் தெரிந்தெடுப்பு. அதைக் காட்டி மகன்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. உங்கள் கணவரும் அவருடைய உடன்பிறந்தவர்களும் இரவு முறையையாவது பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆண்டவர் சொன்ன உவமையில், வழியில் காயப்பட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன்கூட எல்லாவற்றையும் தானே சுமக்கவில்லை. காயங்களைக் கட்டி, ஓர் இரவு பராமரித்து, மறுநாள் சத்திரத்தானிடம் "நீ இவனை விசாரித்துக்கொள்" என்று ஒப்படைத்துத்தான் புறப்பட்டான். உதவி கேட்பது உங்களுக்குக் குறைவு அல்ல. உங்கள் போதகரிடம் வீட்டுக்கு வந்து உங்கள் இருவருக்கும் திருவிருந்து கொடுக்கும்படி கேளுங்கள். அந்த மூத்த சகோதரியையும் அழையுங்கள்: ஞாயிறு காலையில் மூன்று மணி நேரம் மாமியார் பக்கத்தில் அவர்கள் உட்கார்ந்தால், நீங்கள் ஆராதனைக்குப் போய்வரலாம்.

கேள்வி: வளைகுடா நாட்டில் வேலை செய்கிறேன். ஊரில் அம்மாவை அண்ணியார் பார்த்துக்கொள்கிறார்கள். மாதந்தோறும் தவறாமல் பணம் அனுப்புகிறேன். என் கடமை இதில் நிறைவேறவில்லையா?
– ஒரு வாசகர், மஸ்கட்

பதில்: நல்ல சமாரியனும் சத்திரத்தானிடம் பணம் கொடுத்தான், தம்பி; ஆகவே நீங்கள் அனுப்புவதை நான் சிறிதாக எண்ணவில்லை. திராட்சத்தோட்ட உவமையில் நாளொன்றுக்கு ஒரு பணம் (அக்காலத்து வெள்ளிக்காசு) கூலி. அப்படியானால் அவன் கொடுத்த இரண்டு பணம் ஓர் ஏழையின் இரண்டு நாள் உழைப்பு. ஆனால் அதோடு அவன் முடித்துக்கொள்ளவில்லை. அதிகமாய்ச் செலவானால் "நான் திரும்பிவரும்போது" தருவேன் என்றான். கணக்கை மூடாமல் போனான், திரும்பிவரவும் எண்ணியிருந்தான்.

அடுத்த விடுமுறையில் ஊருக்கு வரும்போது முதல் பத்து நாள் அம்மாவின் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொண்டு, அண்ணியாரை அவர்கள் தாய்வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். மருந்து எந்த வேளைக்கு எது என்பதை இப்போதே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அதுவரை, அம்மாவிடம் பேசி முடித்ததும் போனை அண்ணியாரிடம் கொடுக்கச் சொல்லி, அவர்கள் சாப்பிட்டார்களா என்று கேளுங்கள்.