தர்க்கமும் சதுரங்கம் மாதிரி விதிகளால் ஆன விளையாட்டுதானா? அந்த விதிகளைச் சந்தேகிக்க முடியுமா?

தாராளமாகச் சந்தேகிக்கலாம். கணிதக்காரர்களே சந்தேகித்து, பெரிய சண்டையும் போட்டிருக்கிறார்கள்.

'ஒரு கூற்று உண்மை, இல்லாவிட்டால் அதன் மறுப்பு உண்மை. மூன்றாவது வழி கிடையாது' என்பது அரிஸ்டாட்டில் காலத்து விதி. டச்சுக் கணிதவியலாளர் பிரவுவர் 1908-இல் இதில் கை வைத்தார். எண்ணி முடிக்கக்கூடிய இடத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்த்துவிடலாம். முடிவிலியில் யார் பார்த்து முடிப்பது என்பதுதான் அவர் வாதம்.

வீம்பு என்று நினைத்துவிட வேண்டாம். விகிதமுறா எண்ணை (√2 மாதிரி, இரண்டு முழு எண்களின் பின்னமாக எழுத முடியாததை) விகிதமுறா அடுக்குக்கு உயர்த்தி விகிதமுறு எண் (அப்படி எழுத முடிவது) பெற முடியுமா? √2-ஐ √2 அடுக்குக்கு உயர்த்துங்கள். வருவது விகிதமுறு எண் என்றால் வேலை முடிந்தது. இல்லையென்றால் அதையே மறுபடி √2 அடுக்குக்கு உயர்த்துங்கள், 2 வரும். சரி, முடியும்! ஆனால் இரண்டில் எது அந்த ஜோடி? நிரூபணம் வாயே திறக்காது. 'விகிதமுறு, இல்லாவிட்டால் விகிதமுறா' என்று அந்த விதியை நம்பியே நிற்பதால், பிரவுவர் இதை நிரூபணமாகவே ஏற்கமாட்டார். (இரண்டாவதுதான் என்பது 1934-இல் வந்த கெல்ஃபாண்ட்–ஷ்னைடர் தேற்றத்திலிருந்து கிடைக்கும்.) இந்த விதியைப் பறிப்பது குத்துச்சண்டைக்காரனிடம் முஷ்டியைப் பயன்படுத்தாதே என்பதற்குச் சமம் என்றார் ஜெர்மன் கணிதவியலாளர் ஹில்பர்ட். 1928-இல் பிரவுவரை ஓர் ஆய்விதழின் ஆசிரியர் குழுவிலிருந்தே வெளியேற்றினார். சொந்தப் பகையும் கலந்திருந்தது என்று வையுங்கள்.

விளையாட்டு என்பதைத்தான் என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. சதுரங்க விதிகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். தர்க்கத்தில் அது நடக்காது. லூயிஸ் கரோல் 1895-இல் எழுதிய உரையாடலில் ஓர் ஆமை அக்கிலீஸோடு வாதிடும். ஒரு வாதத்தின் இரண்டு முற்கோள்களையும் (முடிவுக்கு ஆதாரமான கூற்றுகளை) ஒப்புக்கொள்ளும், முடிவை மட்டும் ஏற்காது. 'இவை உண்மையென்றால் முடிவும் உண்மை' என்பதையும் எழுதிக்கொள் என்கும். அக்கிலீஸ் எழுதினால், அதையும் ஒப்புக்கொண்டு, முடிவுக்குப் போக இன்னொரு வரி வேண்டும் என்கும். நோட்டுப் புத்தகம் நிரம்புமே தவிர ஆமை நகராது. எழுதிய விதிப்படி நடக்கவே தர்க்கம் தேவைப்படுகிறது.

அதனால் மொத்தத்தையும் ஒரே நேரத்தில் சந்தேகிக்க வழியில்லை என்பது என் கருத்து. பிரவுவரே 'முரண்பாடு கூடாது' என்பதைத் தொடவில்லை. அப்புறம் தத்துவவாதி கிரஹாம் ப்ரீஸ்ட் அதையும் தொட்டார்: 'இந்த வாக்கியம் பொய்' என்பது உண்மையும்தான், பொய்யும்தான் என்றார். ஆனால் அதற்காக, முரண்பாட்டிலிருந்து எதை வேண்டுமானாலும் வருவிக்கலாம் என்ற இன்னொரு விதியை அவர் கைவிட வேண்டியிருந்தது.