போல்ட் தலைக்கு அடியில் 900 மெகாபாஸ்கல் காட்டினால் டிசைன் தோல்வியா?

கேள்வி இதுதான்: கணினியில் ஃபைனைட் எலிமெண்ட் முறையில் ஸ்ட்ரெஸ் கணக்கு ஓட்டினால், 250 மெகாபாஸ்கல் யீல்டு (நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் ஸ்ட்ரெஸ்) உள்ள ஸ்டீல் பிராக்கெட், எம்16 (16 மி.மீ. விட்டம்) போல்ட், துளை விளிம்பில் மட்டும் 900 வருகிறது. உடனே தகட்டைத் தடிமனாக்க வேண்டாம். முதலில் அந்த இடத்தில் மெஷ்ஷை (பாகத்தைக் கணக்குக்காகப் பிரிக்கும் சிறு கட்டங்களை) அளவில் பாதியாக்கி ஓட்டிப் பாருங்கள். 900 என்பது 1200, 1500 என்று ஏறிக்கொண்டே போனால் அது சிங்குலாரிட்டி. கூர்மையான காண்டாக்ட் விளிம்பில் லீனியர் (ஸ்டீல் யீல்டே ஆகாது என்று வைத்துக்கொள்ளும்) கணக்குக்கு முடிவான விடையே கிடையாது, அந்த எண்ணுக்கு அர்த்தமும் இல்லை. ஒரு மதிப்பில் நின்றுவிட்டால் அது நிஜமான ஸ்ட்ரெஸ் குவிப்பு. அப்புறம் எலாஸ்டிக்-பிளாஸ்டிக் (யீல்டைத் தாண்டினால் உருமாறும்) மெட்டீரியல் கொடுத்து, பிளாஸ்டிக் ஸ்ட்ரெயின் (நிரந்தர உருமாற்றம்) எவ்வளவு தூரம் பரவுகிறது என்று பாருங்கள். விளிம்பில் மெல்லிய வளையமாக நின்றுவிட்டால், நிலையான சுமைக்கு, இழுபடும் ஸ்டீலில் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. தகட்டின் தடிமன் முழுக்க ஊடுருவினால்தான் கவலை.

போல்ட்டை வெறும் ஸ்ட்ரெஸ் கலர் படத்தை வைத்து எடை போடாதீர்கள். வெட்டுமுகத்தில் அச்சு விசை, ஷியர், வளைவு மூன்றையும் எடுத்துக் கையால் கணக்குப் போடுங்கள். எம்16-க்கு இழுவிசைப் பரப்பு 157 சதுர மி.மீ., 8.8 கிரேடுக்கு (போல்ட்டின் வலிமை வகை) புரூஃப் லோடு (நிரந்தரமாக நீளாமல் தாங்கும் விசை) ஏறக்குறைய 91 கிலோநியூட்டன். அதில் 75 சதவீதம் பிரீலோடு (இறுக்கும்போதே போல்ட்டில் ஏற்றும் இழுவிசை) வைத்தாலே சராசரி ஸ்ட்ரெஸ் 430 மெகாபாஸ்கலைத் தாண்டும், அது வேண்டுமென்றே வைப்பது.

சுமை மாறி மாறி வந்தால் கதையே வேறு. நட்டில் பிடிக்கும் முதல் மரையில்தான் வழக்கமாக விரிசல் தொடங்கும். விடிஐ 2230 (போல்ட் இணைப்புக் கணக்குக்கான ஜெர்மன் வழிகாட்டி) முறைப்படி எம்16-க்கு அனுமதிக்கும் அலைவு வீச்சு சுமார் 46 மெகாபாஸ்கல்தான்.