மாயக்காட்டு அரக்கனும் மூணு கேள்வியும்

கேள்வி: என் ஏழு வயசு பையனுக்கு தெனமும் ராத்திரி மாயக்காட்டு கதை சொல்றேன். காட்டை அழிக்க வந்த அரக்கனை எல்லா மிருகமும் ஒண்ணா சேந்து தொரத்துச்சுன்னு முடிச்சா, "அப்போ புலி பக்கத்துல நின்ன மானை ஏன் தின்னல?"ன்னு மடக்குறான். என்னத்த சொல்றது?

பதில்: மடக்குனது சரிதானேங்க, புலிக்குப் பசின்னு ஒண்ணு இருக்குல்ல! அரக்கன் வந்த உடனே மொத்தக் காட்டையும் அண்ணன் தம்பி ஆக்கிடுறோம், அங்கதான் கதை சப்புன்னு ஆயிடுது. நிஜக் காட்டுல புள்ளிமானும் மந்தியும் சேந்து திரியும், பாசத்துல இல்ல, மரத்து மேல இருக்குற மந்திக்கு தூரத்துல வர்ற புலி கண்ணுல பட்டுடும், கீழ மேயுற மானுக்கு மோப்பம் பலம், எது முதல்ல கத்துனாலும் இன்னொண்ணு உஷாராயிடும், போதாததுக்கு மந்தி பாதி கடிச்சு கீழ போடுற இலை, காய் எல்லாம் மானுக்கு ஓசி சாப்பாடு. அதனால உங்க புலியை கூட்டத்துல சேக்காதீங்க. ஆத்துக்கு அக்கரையில தனியா நிக்கட்டும், அரக்கன் அந்தப் பக்கம் தப்பிக்கப் பாத்தா மட்டும் உறுமட்டும். மானுங்க கடைசி வரைக்கும் ஒரு கண்ணை புலி மேலயே வச்சிருக்கணும். பையன் தூங்க மாட்டான், அது வேற பிரச்சனை.

கேள்வி: நான் எழுதுற கதையில அரக்கன் மலை சைஸ். முயலும் அணிலும் எப்படி ஜெயிக்கும்? ஒரு மந்திரக்கல்லு வச்சிடவா?

பதில்: கல்லு வச்சீங்கன்னா முயலுக்கு அங்க என்ன வேலை? பஞ்சதந்திரத்துல யானை கிளையை ஒடிச்சு குருவியோட முட்டை எல்லாம் நொறுங்கிப் போகும்ல, அப்போ ஈ காதுல ரீங்காரம் போடும், யானை சொக்கிப் போயி கண்ணை மூடும், மரங்கொத்தி கண்ணைக் கொத்தும், குருடான யானைக்கு தாகம் எடுக்கும்போது தவளை பள்ளத்து ஓரமா நின்னு கத்தும், தண்ணி இருக்குன்னு நம்பிப் போயி யானை உள்ள விழுந்துடும். யாருமே புதுசா ஒண்ணும் கத்துக்கல, ஈ ஈயாவே இருந்துச்சு, தவளை தவளையாவே கத்துச்சு! இதைவிட மிரட்டலான விஷயம் ஜப்பான் தேனீ. கூட்டுக்குள்ள வர்ற ராட்சச குளவியை கொட்டிக் கொல்ல முடியாது, அதனால நூத்துக்கணக்குல பந்து மாதிரி மொச்சுக்கிட்டு ஒடம்பை அதிரவிட்டு சூடு ஏத்தும், உள்ள 46 டிகிரி பக்கம் போனா குளவி காலி, தேனீக்கு அதுக்கு மேலயும் ரெண்டு மூணு டிகிரி தாங்கும். உங்க அரக்கனுக்கும் அணிலுக்கும் நடுவுல அந்த ரெண்டு டிகிரி எங்க இருக்குன்னு தேடுங்க, கதை கெடைச்சிடும்.

கேள்வி: கூட்டத்துக்கு தலைவர் சிங்கம்தானே?

பதில்: அதுக்குத்தான் ஏற்கனவே ராஜா போஸ்ட் இருக்கே. கரிச்சான் குருவிய போடுங்க, கழுகையே முதுகுல கொத்திக் கொத்தி வெரட்டுற ஆளு அது.