ஆமிஷ் பட்டறையும் அறுந்த மின்கம்பியும்: கேள்வி பதில்

நவீன வசதிகள் பலவற்றை விலக்கி எளிமையாக வாழும் கிறிஸ்தவப் பிரிவினர் ஆமிஷ் மக்கள். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், ஹோம்ஸ் கவுண்டியில் உள்ள ஆமிஷ் தச்சர்களிடம் பல ஆண்டுகளாக மரச்சாமான்கள் வாங்கி விற்றுவரும் ஒருவர், மற்றவர்கள் கேட்டவற்றுக்கு அளித்த பதில்கள்.

கேள்வி: ஐயா, மின்சாரமே வேண்டாம் என்பவர்களின் மேசை மட்டும் ஆலையில் செய்தது போல வழவழப்பாக இருக்கிறதே, எப்படி?

பதில்: அதுவும் எந்திரத்தில் செய்ததுதான். பல பட்டறைகளில் ஒரு டீசல் எஞ்சின் கம்ப்ரஸரை இயக்கித் தொட்டியில் காற்றை அழுத்தி நிரப்ப, அந்தக் காற்று குழாய் வழியே வந்து துளையிடும் கருவியையும் உப்புத்தாள் தேய்க்கும் கருவியையும் ஓட்டுகிறது. பெரிய ரம்பங்களைச் சில இடங்களில் எண்ணெய் அழுத்தமும், வேறு சில இடங்களில் நீண்ட தண்டில் மாட்டிய பெல்ட்டுகளும் சுழற்றுகின்றன. கடையில் வாங்கிய கருவியின் மின்மோட்டாரைக் கழற்றிவிட்டுக் காற்று மோட்டாரைப் பொருத்திக்கொள்வதும் உண்டு. இந்த ஏற்பாட்டுக்கு ‘ஆமிஷ் மின்சாரம்’ என்றே ஒரு வேடிக்கைப் பெயர் வழங்குகிறது. முழுக்க உளியாலும் இழைப்புளியாலும் செய்தது என்று எண்ணி வாங்குவது பெரும்பாலும் வாங்குபவரின் கற்பனையே.

கேள்வி: டீசல் ஆகும், கம்பி வழி வரும் மின்சாரம் ஆகாது என்பது பாசாங்கு அல்லவா?

பதில்: நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்பதைவிட, அது வீட்டுக்குள் வந்தால் குடும்பமும் சபையும் என்னவாகும் என்பதே அவர்களுக்கு முதற்கேள்வி. பொது மின்கம்பி வீட்டுக்குள் வந்தால் அதன் பின்னாலேயே வானொலியும் தொலைக்காட்சியும் வந்துவிடும் என்பதால் அதை விலக்கினார்கள். தொலைபேசியைப் பல சபைகள் பாதையோரத்துச் சிறு கொட்டகையில் அனுமதிக்கின்றன: அவசரத்துக்குப் பேசலாம், சாப்பாட்டு நேரத்தில் மணி அடிக்காது. வாடகைக் காரில் ஏறிச் செல்பவர், சொந்தக் கார் வைத்திருந்தால் உறவும் சபையும் தூரமாகிவிடும் என்று அஞ்சிக் குதிரை வண்டியோடு நின்றுவிடுகிறார். ‘ஆர்ட்னுங்’ எனப்படும் இந்த நெறிகளைச் சுமார் இருபது முதல் நாற்பது குடும்பங்கள் கொண்ட ஒவ்வொரு சபையும் தானே வகுத்துக்கொள்கிறது. ஆகவே இங்கே மின்மிதிவண்டி ஓடும். சற்றுத் தள்ளி வாழும் இன்னொரு பிரிவினர் சாதாரண மிதிவண்டியையே ஏற்கமாட்டார்கள். முரண்பாடு இல்லை என்று நான் வாதாட மாட்டேன், ஆனால் அது யோசித்து ஏற்றுக்கொண்ட முரண்பாடு.

கேள்வி: கடவுள் மட்டுமே குறையற்றவர் என்பதற்காக, குவில்ட் எனப்படும் ஒட்டுத்துணிப் போர்வைகளில் வேண்டுமென்றே ஒரு தையலைத் தவறாகப் போடுவார்களாமே?

பதில்: சுற்றுலாப் பயணிகளுக்குச் சொல்லப்படும் கதை அது. தைக்கத் தெரிந்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும், தவறு தானாகவே வரும், வரவழைக்க வேண்டியதில்லை என்பார். 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய அமெரிக்க ஒட்டுத்துணிப் போர்வைகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்டியது. அதன் பிறகு ஆமிஷ் போர்வைகளைத் தேடிச் சேகரிப்பாளர்கள் அலையத் தொடங்கினார்கள். பென்சில்வேனியாவின் லான்காஸ்டரில் விற்பனையாகும் போர்வைகளில் பலவற்றை லாவோஸிலிருந்து அகதிகளாக வந்த மொங் இனப் பெண்கள் தைத்திருக்கிறார்கள் என்பதை வாங்குபவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

கேள்வி: அவர்கள் வரி கட்டுவதில்லையா?

பதில்: வருமான வரி, சொத்து வரி எல்லாம் கட்டுகிறார்கள். சுயதொழில் செய்பவர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு (அரசு ஓய்வூதிய) வரியிலிருந்து 1965இல் விலக்குக் கிடைத்தது. முதியோரைச் சபையே பார்த்துக்கொள்கிறது.

கேள்வி: விவசாயிகளான இவர்கள் எப்படி மரச்சாமான் வணிகர்கள் ஆனார்கள்? இந்தச் சமூகம் அழிந்துவருவதாகவும் படித்தேன்.

பதில்: 1900இல் சில ஆயிரம் பேராக இருந்தவர்கள் இன்று ஏறத்தாழ 4 லட்சம் பேர், வீட்டுக்கு ஆறேழு பிள்ளைகள், வளர்ந்தபின் அவர்களில் பெரும்பாலோர் ஞானஸ்நானம் பெற்றுச் சபையிலேயே தங்கிவிடுகிறார்கள். உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் விடை இந்தப் பெருக்கத்திலேயே இருக்கிறது. நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போக, எல்லாப் பிள்ளைகளுக்கும் பண்ணை பிரித்துக் கொடுக்க முடியாத தகப்பன்மார், வீட்டை விட்டு ஆலை வேலைக்கு அனுப்ப மனமில்லாமல், களஞ்சியத்துக்குப் பக்கத்திலேயே பட்டறை போட்டார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளியை முடிக்க 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உரிமை அளித்துவிட்டதால், பதினான்கு பதினைந்து வயதிலேயே மகன் தகப்பனுக்குப் பக்கத்தில் நின்று தொழில் பழகத் தொடங்கிவிடுகிறான்.