எண்ணெய்த் தலையில் எழாத மின்னூட்டம்

கேள்வி: என் மகனுக்கு இரண்டரை வயது. சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளைத் தூக்கிக் காட்ட முயன்றேன், ஒன்றுகூட எழவில்லை. "குழந்தைக்கு ஷாக் அடித்துவிடும், வேண்டாம்" என்கிறார் மாமியார். என்ன செய்யலாம்?
– வாசகி, கடலூர்

பதில்: காய்ந்த முடியில் பிளாஸ்டிக் சீப்பைத் தேய்க்கும்போது முடியிலிருந்து எலக்ட்ரான்கள் சீப்புக்கு இடம் மாறி, சீப்பு எதிர்மின்னூட்டம் பெறுகிறது. தலையில் எண்ணெய் இருந்தால் இது சரியாக நடக்காது. காற்றில் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டினால், சேர்ந்த மின்னூட்டமும் விரைவில் கசிந்துவிடும். கடலூர்க் காற்றில் பெரும்பாலான நாட்களில் அந்த ஈரம் உண்டு. எனவே தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் நன்றாக உலர்ந்த உங்கள் முடியிலேயே சீப்பைத் தேயுங்கள். ஏசி அறை இருந்தால் இன்னும் நல்லது.

துணுக்குகளைக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும் என்பதால், டிஷ்யூ தாளை விரல் நீளக் கீற்றாகக் கிழித்து, ஒரு முனையை மேசையில் ஒட்டிவிடுங்கள். சீப்பு நெருங்கினால் கீற்றின் மறுமுனை எழுந்து நிற்கும், விலகினால் படுத்துவிடும். அடுத்து, குழாயை நூல்போல் மெல்லிதாகத் திறந்து, நீரில் படாமல் சீப்பைப் பக்கத்தில் கொண்டுபோனால் நீர் அதன் பக்கமாக வளைந்து விழும். சீப்பு நனைந்தால் துடைத்துவிட்டு மறுபடி தேய்க்க வேண்டும். பிறகு சீப்பைக் குழந்தையிடமே கொடுத்துவிடுங்கள். இந்த வயதில் எலக்ட்ரான் பாடம் தேவையில்லை. தான் கையை நீட்டினால் தாள் எழுகிறது என்பதைத் தானே திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பதுதான் அவனுடைய அறிவியல்.

இந்த விளையாட்டில் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கலாம் என்றாலும், சேரும் மின்னூட்டம் மிகமிகச் சிறிது. பொறி தட்டினாலும் சுருக்கென்று ஒரு நொடிகூட நீடிக்காமல் போய்விடும். ஆனாலும் உங்கள் மாமியாரின் கவலை நியாயமானது. இதைக் குழந்தையிடம் 'கரண்ட்' என்று சொல்லாதீர்கள், ப்ளக் பாயின்டுகளை மூடிவையுங்கள்.

பலூனைத் தேய்த்தால் இதைவிட நன்றாக ஈர்க்கும். இருந்தும் இந்த வயதில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஊதாத பலூனும் வெடித்த துண்டும் மூச்சுக்குழாயை அடைத்துவிடக்கூடியவை. அமெரிக்காவில் 8 வயதுக்குட்பட்டோருக்கான மூச்சடைப்பு எச்சரிக்கையைப் பலூன் உறையில் அச்சிடுவது கட்டாயம்.